அட்டை ஏந்திய ரசிகர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ட்ரெவர் நோவா அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடத்திவந்த நிகழ்ச்சியை அவருக்கு முன்பு நடத்தியவர், மக்களைத் திரட்டிப் பெரிய பேரணி ஒன்றை நடத்தினார் என்றும், வந்தவர்கள் எல்லாம் வேடிக்கையான வாசகங்களை அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள் என்றும் என் பேத்தி சொல்கிறாள். நான் இளவயதில் பார்த்த பேரணிகளில் சிரிப்புக்கு இடமே இருந்ததில்லை. அதை அரசியல் பேரணி என்று சொல்ல முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் பேத்தி சொன்னது உண்மை. ஜான் ஸ்டூவர்ட் என்பவர் 1999 முதல் 2015 ஆகஸ்ட் வரை தி டெய்லி ஷோ என்ற அந்த அரசியல் நையாண்டி நிகழ்ச்சியை நடத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று நம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பிள்ளையான நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா அந்த இடத்துக்கு வந்தார். நீங்கள் கேட்கும் பேரணி 2010 அக்டோபர் 30, சனிக்கிழமையன்று, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே நீண்டு கிடக்கும் நேஷனல் மால் என்ற புல்வெளியில் நடந்தது. ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து அதை நடத்தியவர் ஸ்டீபன் கோல்பேர். எதற்கெடுத்தாலும் மக்களைப் பயமுறுத்திக் கூச்சல் போடும் ஒரு தொலைக்காட்சிப் பேச்சாளராக அந்நாளில் தமது சொந்த நிகழ்ச்சியில் வேடம் கட்டி நடித்துவந்தவர் அவர். ஒருவர் நிதானத்தை மீட்கக் கூப்பிட்டார். மற்றவர் அச்சம் அணையாமல் காக்கக் கூப்பிட்டார். இரண்டு அழைப்புகளும் ஒரே பேரணியாக இணைந்தன.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 28 அன்று, கிளென் பெக் என்ற தொலைக்காட்சிப் பேச்சாளர் அதே நகரில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் தம் ஆதரவாளர்களைத் திரட்டியிருந்தார். அதைப் பார்த்த கோல்பேரின் ரசிகர்கள், நம்மவரும் ஒரு பேரணி நடத்த வேண்டும் என்று இணையத்தில் கோரிக்கை எழுப்பினார்கள். எழுப்பியதோடு நின்றுவிடாமல், தங்கள் அக்கறை விளையாட்டல்ல என்று காட்டுவதற்காக அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு லட்சக்கணக்கான டாலரைத் திரட்டிக் கொடுத்தார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தின் விதை ரசிகர் கூட்டத்தில் இருந்தது என்று சொல்வது தவறாகாது. வான்வழிப் படங்களைக் கொண்டு ஒரு நிறுவனம் சிபிஎஸ் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்காகக் கணித்த எண்ணிக்கை சுமார் 2,15,000. பெக்கின் கூட்டத்துக்கு அதே நிறுவனம் கணித்தது சுமார் 87,000. அன்று ஒரே நாளில் வாஷிங்டன் நகர ரயில்களில் 8,25,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் பதிவாயின. அதற்கு முன் எந்தச் சனிக்கிழமையிலும் அவ்வளவு பேர் அந்த ரயில்களில் ஏறியதில்லை.

மேடையில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாட்டுச் சண்டை. பாடகர் யூசுப் இஸ்லாம் ரயிலை வைத்து அமைதியான ஒரு பாட்டைத் தொடங்க, கோல்பேர் அதை நிறுத்தி, ஆஸி ஆஸ்பர்னை அழைத்து, ரயிலை வைத்தே வெறிபிடித்த இன்னொரு பாட்டைப் பாட வைத்தார். இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் இடைமறித்தபின், மூன்றாவதாக ஓஜேஸ் குழுவினர் வந்து, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி அன்பைப் பற்றிய ரயில் பாட்டொன்றைப் பாடினார்கள். சமரசம் என்றால் என்ன என்பதைப் பத்துப் பக்கக் கட்டுரையைவிட அந்தச் சில நிமிடங்கள் நன்றாக விளக்கின.

கடைசியில் ஸ்டூவர்ட் வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பேசினார். பல பாதைகளில் வரும் கார்கள் ஆற்றின் அடியிலுள்ள குறுகிய சுரங்கப் பாதைக்குள் ஒவ்வொன்றாக நுழையும் படத்தைப் பெரிய திரையில் காட்டினார். அந்தக் கார்களில் இருப்பவர்கள் வெவ்வேறு கட்சியினர், வெவ்வேறு மதத்தினர்; ஆயினும் "முதலில் நீங்கள், பிறகு நான்" என்று வழிவிட்டுத்தான் தினந்தோறும் வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். இது நமக்குப் புதிதல்ல. முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெட்டிங்கில், ரோபோ என்று நாம் சொல்லும் போக்குவரத்து விளக்குகள் அணைந்த மாலை நேரத்தில், நாற்சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகட்டும் என்று பெரும்பாலோர் காத்திருப்பதையும், கையசைத்து நன்றி சொல்லிக் கடப்பதையும் நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்த ஓட்டுநர்களில் யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது யாருக்குத் தெரியும்?

எந்த வேட்பாளருக்கும் வாக்குக் கேட்காத கூட்டம் அது. ஆனால் கருத்து வேறுபாட்டை எந்தத் தொனியில் பேசுவது என்பதும் அரசியல்தான். ஆகவே அது அரசியல் பேரணியே.

கேள்வி: மரியாதையான அரசியல் வேண்டும் என்று கூடுகிறவர்கள் கேலி வாசகங்களை ஏந்துவது முரண்பாடாக இல்லையா? கேலிதானே மரியாதைக் குறைவின் முதல் படி? வகுப்பறையில் 32 ஆண்டுகள் நின்றவளுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது; அதனால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். கேலியில் பல சாதி உண்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்தப் பேரணியோடு சேர்த்து இன்றும் நினைவுகூரப்படும் ஓர் அட்டையின் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் கருத்து எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் நீங்கள் ஹிட்லர் இல்லை என்பது எனக்கு ஏறத்தாழ நிச்சயம்." அந்தக் காலத்தில் முதலில் புஷ்ஷின் படத்துக்கும் பிறகு ஒபாமாவின் படத்துக்கும் ஹிட்லர் மீசை வரைந்து ஊர்வலம் போனவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அந்த வழக்கத்தைத்தான் இந்த அட்டை குத்துகிறது. கவனியுங்கள், முதல் பாதியில் "உடன்பாடில்லை" என்று நேராகவே சொல்லிவிடுகிறது. பிறகு "ஏறத்தாழ" என்ற ஒரு சொல்லில் சிரிப்பை வைத்து, எதிரே நிற்பவரை மனிதராகவே விட்டுவைக்கிறது. படிக்கிற எதிராளியும் சிரித்துவிடுவார். சிரித்தபின் கோபத்தைத் தொடர்வது கடினம்.

இன்னொன்று, ஊர்வலக் கோஷத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. ஒருவர் "அமாண்ட்லா!" (அதிகாரம்) என்று முழங்க, கூட்டம் "அவெத்து!" (நமதே) என்று திருப்பி முழங்குவது நமக்குப் பழக்கமான முறை. ஆங்கிலத்தில் அதற்கு இணையாக, "நமக்கு என்ன வேண்டும்? எப்போது வேண்டும்? இப்போதே!" என்று முடியும் கோஷம் உண்டு. வாஷிங்டனில் ஒருவர் எழுதியிருந்ததன் பொருள்: "நமக்கு என்ன வேண்டும்? மரியாதையான உரையாடல்! எப்போது வேண்டும்? இப்போதே என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் உங்கள் கருத்தையும் அறிய ஆவல்." கேட்கிற பொருளைக் கேட்கிற முறையிலேயே செய்து காட்டிவிட்ட இதைவிட நேர்த்தியான கோஷத்தை நான் அறியேன்.

மூன்றாவது வகை, அட்டை பிடித்தவர் தம்மைத் தாமே சிரித்துக்கொள்வது. "நாள் முழுக்க அட்டை சுமக்கலாம் என்று முடிவெடுத்ததற்கு இப்போதே வருந்துகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் அரசியல் எங்கே என்று கேட்பீர்கள். தம்மைக் குற்றமே இல்லாதவராகக் கருதாத ஒருவரோடுதான் நம்மால் உட்கார்ந்து பேச முடியும். இந்த அட்டை அதை அறிவிக்கிறது.

நம் முன்னோர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்தை, இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று பெயர் மாறிப்போன அந்தக் கூத்தை, நீங்கள் சிறுமியாக இருந்தபோது கோயில் வளாகத்தில் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். அதில் கட்டியங்காரன் ராஜாவின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்பான், ராஜா பேசியதையே நீட்டி முழக்கிக் காட்டுவான், கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். ஆனால் அவன் ராஜாவின் தாயைப் பழிப்பதில்லை, ராஜாவை மேடையிலிருந்து தள்ளுவதுமில்லை. கதை நடக்க ராஜாவும் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நல்ல அட்டை எழுதுகிறவருக்கு அந்தக் கட்டியங்காரனின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அஞ்சும் கேலியும் உண்டு. ஒருவரின் உடம்பை, நிறத்தை, உச்சரிப்பை, பிறப்பைக் குத்தும் கேலி அது. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லாகிய கூலி என்பது, 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலம்வரை முகத்தில் வீசப்பட்ட வசையாக இந்த மண்ணில் மாறியது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த நாம், அதே வேலையைச் செய்யும் எந்தச் சொல்லையும், எந்த இனத்தாரைப் பற்றியும், எவ்வளவு சிரிப்பு வந்தாலும், அட்டையில் எழுதலாகாது. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2017 ஏப்ரல் 7 அன்று, நிதியமைச்சர் பிரவீன் கோர்தன் நீக்கப்பட்டதை அடுத்து நாட்டின் பல நகரங்களில் அதிபர் சூமாவுக்கு எதிராக ஊர்வலங்கள் நடந்தபோது, டர்பனில் நானும் நடந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் நம் பாட்டி ஒருவர், புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்து, வாழைப்பழப் பெட்டியை வெட்டிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். "முழங்கால் வலி, இருந்தும் வந்திருக்கிறேன்; விஷயம் அவ்வளவு மோசம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பழத்தின் வியாபாரச் சின்னம் எழுத்துக்களுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் எழுத்துக்கள் நெருங்கிச் சாய்ந்திருந்தன. பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரப் பெண் ஒருவர் அதைப் படித்துச் சிரித்தார், பிறகு தாமே ஓடிப்போய்த் தண்ணீர்ப் புட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த அட்டை எவரையும் பெயர் சொல்லி ஏசவில்லை. ஆனால் அன்று நான் பார்த்தவற்றில் அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

கேள்வி: என் மகன் கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணியின் பைத்தியம். ஆட்டம் என்றால் தலைமுதல் கால்வரை கறுப்பும் மஞ்சளும்தான். தேர்தல் வந்தால் அதே வெறியோடு ஒரு கட்சியின் டி-ஷர்ட்டை மாட்டிக்கொள்கிறான். தலைவருக்கு ரசிகனாக இருப்பதும் குடிமகனாக இருப்பதும் ஒன்றா?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: ஒன்றல்ல, ஆயினும் ரசிகனிடம் குடிமகன் கற்க வேண்டியவை சில உண்டு. உங்கள் மகன் அரங்கத்துக்கு மக்கராப்பா என்ற அலங்காரத் தொப்பியை அணிந்து போகிறவராக இருந்தால், அதன் கதையை அவருக்குச் சொல்லுங்கள். 1979-இல் ஆல்ஃபிரட் பலோயி என்ற சீஃப்ஸ் ரசிகர், அரங்கத்தில் எறியப்பட்ட புட்டி ஒன்று இன்னொரு ரசிகரின் தலையில் பட்டதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தொழிலாளர் அணியும் பாதுகாப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். பிறகு அந்தத் தொப்பியை வெட்டி வளைத்து, வர்ணம் தீட்டி, கொம்பும் சின்னமும் வைத்து அலங்கரிக்கத் தொடங்கினார். அடியிலிருந்து தப்பப் பிறந்த பொருள், இன்று பார்த்தவர் முகத்தில் புன்னகை வரவழைக்கும் கைவினை ஆகிவிட்டது. 2010 உலகக் கோப்பையில் வெளிநாட்டவரும் அதை அணிந்து திரிந்ததை மோசஸ் மபிடா அரங்கத்துக்கு வெளியே நாமே பார்த்தோம்.

வாஷிங்டனுக்கு வந்தவர்களும் ரசிகர்களே. மறுநாள் ஹாலோவீன் என்பதால் பலர் வேடம் போட்டு வந்தார்கள். மேடையிலிருந்து தொலைக்காட்சி அறிவியல் நிகழ்ச்சி நடத்துநர்களான ஆடம் சாவேஜும் ஜேமி ஹைனமனும் கேட்டுக்கொண்டதும், விளையாட்டரங்கில் எழுவதுபோல முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை கைகளை உயர்த்தி அலை எழுப்பினார்கள். அதைவிட, அன்று நியாய உணர்வுக்காகப் பதக்கம் பெற்றவர்களில் ஒருவர் யார் என்று பாருங்கள். ஆர்மாண்டோ கலராகா என்ற பேஸ்பால் வீரர் 2010 ஜூன் 2 அன்று, எதிரணியில் ஒருவரைக்கூடத் தளத்தை எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் முடிக்கும் அபூர்வச் சாதனைக்கு ஒரே ஓர் ஆட்டமிழப்புதான் பாக்கி என்ற நிலையில் இருந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாகத் தீர்ப்புச் சொன்னார், சாதனை கைநழுவியது. கலராகா கத்தவில்லை, புன்னகைத்துவிட்டுத் திரும்பிப்போய் அடுத்த பந்தை வீசினார். நடுவர் தம் தவற்றைப் பிறகு ஒப்புக்கொண்டு வருந்தினார். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் நடுவரை ஏசியே தொண்டை வறண்ட நாம் அந்தப் புன்னகையின் விலையை உணர முடியும்.

ஆனால் ஓர் இடத்தில் ரசிகனும் குடிமகனும் பிரிகிறார்கள். தன் அணி தோற்றாலும் அதை விடாமல் இருப்பது ரசிகனுக்கு அழகு; தன் கட்சி தவறு செய்யும்போதும் விடாமல் இருப்பது குடிமகனுக்கு அழகல்ல. டி-ஷர்ட் விஷயத்தில் நம் மாகாணத்துக்குத் தனி நினைவும் உண்டு. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும், தவறான பகுதியில் தவறான கட்சியின் சட்டையோடு நடந்ததற்காக இளைஞர்கள் கொல்லப்பட்ட மண் இது. குவாசூலு-நேட்டாலில் அந்த மோதல்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் உங்கள் பீனிக்ஸிலேயே வதந்தி எத்தனை வேகமாகத் துப்பாக்கியாக மாறியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகன் கட்சிச் சட்டையை அணியட்டும், அது அவருடைய உரிமை. அந்தச் சட்டையோடு, வேறு சட்டை அணிந்த தன் நண்பனையும் காரில் ஏற்றிக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்த அமெரிக்கப் பேரணியால் என்ன பயன் விளைந்தது?
– வாசகர், லேடிஸ்மித்

பதில்: தேர்தல் கணக்கில் ஒன்றுமில்லை. மூன்றே நாளில், நவம்பர் 2 அன்று நடந்த இடைக்காலத் தேர்தலில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. அரசியல் கூச்சலும் அடங்கவில்லை. பில் மார் போன்ற சக நகைச்சுவையாளர்களே, இரு தரப்பும் சம அளவில் தவறு செய்வதாகக் காட்டியது சரியல்ல என்று ஸ்டூவர்ட்டைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. பொய் சொல்கிறவரையும் உரத்துப் பேசுகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் லாபம் பொய்யருக்கே. ஆனால், எல்லாவற்றையும் உரக்கச் சொன்னால் எதுவுமே காதில் விழாது என்று அவர் சொன்னதை, அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் உலகக் கோப்பை ஆட்டங்களில் வூவுசேலா ஊதுகுழல் ஒலிக்கு நடுவே பக்கத்தில் இருந்தவர் பேசியதைக் கேட்க முயன்ற எவரும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: நகைச்சுவையும் நாகரிகமும் எல்லாம் வெளிநாட்டாரிடமிருந்துதான் கற்க வேண்டுமா? நம் பெரியவர்கள் நடத்திய போராட்டங்களில் இவை இல்லையா?
– வாசகர், லெனேசியா

பதில்: இருந்தன, உங்கள் ஊருக்கு மிக அருகிலேயே இருந்தன. 1908 பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில், ஆசியர்கள் பதிவுச் சான்றிதழ் பெறும் அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியை மீர் ஆலம் என்பவரும் அவருடைய தோழர்களும் தாக்கினார்கள். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. மொரீஷியஸில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவராக விளங்கியவர் தம்பி நாயுடு. தம்மை அடித்தவர்கள்மீது வழக்கு வேண்டாம் என்று காந்தி கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. அரசாங்கத்தின் பதில் தந்தியைச் சுமந்துகொண்டு தொண்டர் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஆசியர்களைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் திரும்பப் பெறப்படாது என்பது அந்தத் தந்தியின் செய்தி. உடனே 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைப் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு, பாரஃபின் ஊற்றித் தீ வைத்தார்கள். ஒரு சொல்லும் எழுதாத அந்தக் கொப்பரையைவிடத் தெளிவான அட்டை எது? அந்தக் கூட்டத்துக்கு மீர் ஆலமும் வந்திருந்தார். தாம் அடித்தது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு, தம்முடைய சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். காந்தி அவருடைய கையைப் பற்றி, தமக்கு அவர்மீது ஒருபோதும் மனக்கசப்பு இருந்ததில்லை என்றார்.

1913 நவம்பர் 6 அன்று காந்தியின் தலைமையில் நேட்டாலின் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடக்கப் புறப்பட்ட ஊர்வலத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தார்கள். அவர்களில் தமிழர் பலர். ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்தான் நாள் உணவு. யார் ஏசினாலும் அடித்தாலும் திருப்பித் தாக்கக் கூடாது, வழியில் பிறர் பொருளைத் தொடக் கூடாது என்பவை விதிகள். சிரிப்பு அட்டை அவர்கள் கையில் இல்லை. ஆனால் எதிராளியை மனிதராகவே நடத்தும் அந்தக் கட்டுப்பாட்டை வாஷிங்டன் புல்வெளிக்கு 97 ஆண்டுகள் முன்பே நம் சுரங்கத் தொழிலாளர்கள் நடந்து காட்டினார்கள்.

கேள்வி: எங்கள் தெருக் குழாய்களில் தண்ணீர் அடிக்கடி நின்றுவிடுகிறது. கல்லூரி நண்பர்கள் முப்பது, நாற்பது பேர் சேர்ந்து ஊர்வலம் போகப் போகிறோம். வேடிக்கையான அட்டைகளைப் பிடித்து, யாரையும் புண்படுத்தாமல், ஆனால் காதில் விழும்படி கேட்க வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்? தமிழிலும் எழுதலாமா?
– மாணவி, டோங்காட்

பதில்: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்த ஊர் உங்களுடையது, கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியானவர் யார்? முதலில் சட்டம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், ஊர்வலம் போகவும், மனுக் கொடுக்கவும் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 15 பேருக்கு மேல் கூடுவதானால் ஏழு நாட்களுக்கு முன்பே நகராட்சியில் அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறியதையே குற்றமாக்கித் தண்டிப்பது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் அறிவித்துவிடுங்கள், சாலையை ஒழுங்குபடுத்தப் போக்குவரத்துக் காவலர் வருவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அதே சட்டம், பதாகையாலோ பேச்சாலோ பாட்டாலோ எந்தக் கூட்டத்தார் மீதும் வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்கிறது. முகத்தை மறைக்கும் முகமூடியும் கூடாது. வாஷிங்டனைப் போல வேடம் போட ஆசைப்பட்டால் முகம் தெரியும்படி போடுங்கள். துப்பாக்கிபோல் தோன்றும் விளையாட்டுப் பொருளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அட்டைக்குக் காய்கறிச் சந்தையில் வாழைப்பழப் பெட்டியோ தக்காளிப் பெட்டியோ கேட்டு வாங்குங்கள். கடை அட்டையைவிட அது காற்றில் வளையாமல் நிற்கும். எழுத்துக்களை முதலில் பென்சிலால் அளந்து போட்டுவிட்டு, பிறகு கோக்கி எனப்படும் தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவால் நிரப்புங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று படிக்க முடியவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள். எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் நடந்துகொண்டே ஒருவரும் படிக்க மாட்டார்கள். அதிகாரியின் பருமனையோ பெயரையோ எழுதாதீர்கள். குழாயை எழுதுங்கள், வாளியை எழுதுங்கள், காலை நாலரை மணிக்குத் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் உங்கள் பாட்டியை எழுதுங்கள். "குளிக்காமல் வந்ததற்கு மன்னிக்கவும், காரணம் உங்களுக்கே தெரியும்" என்பதுபோல ஒன்றைப் படிக்கும் அதிகாரி, கோபப்படவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் திணறுவார்.

தமிழில் தாராளமாக எழுதுங்கள். நம் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் உங்கள் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால், மேலே ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் எழுதி, கீழே தமிழை வையுங்கள். சூலு வாசகத்தை உங்களோடு படிக்கும் சூலுத் தோழி ஒருவரிடம் காட்டாமல் எழுதாதீர்கள். ஒரு மொழியில் சிரிப்பாக இருப்பது இன்னொரு மொழியில் வசையாகிவிடும். அதோடு, அவர் தெருவிலும் தண்ணீர் நின்றிருக்கும், கேட்கப் போனால் அவரும் ஊர்வலத்துக்கு வருவார்.

ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் மார்ஷலாக நிற்பவர்களுக்கு மஞ்சள் சட்டை கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு வந்து சேரும் அண்டை வீட்டு அக்காக்களுக்கும் தாத்தாக்களுக்கும் என்று பத்து வெற்று அட்டைகளும் நான்கு கோக்கிப் பேனாக்களும் தனியாக ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மிகச் சிறந்த வாசகம் அவர்களில் ஒருவரிடம் இருக்கும்.